தகடு கிடக்கு, எந்திரம் எங்கே?

1086. இங்கிலாந்தை வென்ற நார்மன் மன்னன் வில்லியம், எந்த ஊரில் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை அடிமை என்று ஆள் அனுப்பிக் கேட்டு எழுதவைக்கிறான். வரிக் கணக்குதான். அதில் ஏறிவிட்டதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பதால் சனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘டூம்ஸ்டே புத்தகம்’, அதாவது இறுதித் தீர்ப்பு நாளின் புத்தகம். ஆட்டுத்தோலில் லத்தீனில் எழுதியது. அந்த எழுத்தில் பயிற்சி உள்ளவர் இன்றைக்கும் திறந்து வாசித்துவிடலாம்.

900 ஆண்டு நிறைவுக்கு, 1986இல், பிபிசி இன்னொரு டூம்ஸ்டே தயாரித்தது. இந்தத் தடவை மன்னனின் ஆட்கள் இல்லை. நாட்டை 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தங்கள் வட்டாரத்தில் அன்றாடம் என்ன நடக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் எழுதினார்கள், படம் பிடித்தார்கள். பங்கெடுத்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். மேலிருந்து எழுதப்பட்ட பிரதிக்கு எதிராகக் கீழிருந்து எழுதப்பட்ட பிரதி என்று இதைக் கொண்டாடலாம்தான். ஆனால் அது போய் உட்கார்ந்த இடம் 12 அங்குல லேசர் தகடு. அதைப் பார்க்க பிலிப்ஸ் செய்த தனி ரக எந்திரமும் ஏகார்ன் கணினியும் வேண்டும். செட்டு விலை சுமார் 5,000 பவுண்டு. எழுதிக்கொடுத்த பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் பலவற்றால் அதை வாங்க முடியவில்லை. தன் ஊரைப் பற்றித் தான் எழுதியதைத் தானே பார்க்க முடியாத எழுத்தாளர்கள்!

2002 வாக்கில் தகடு கெட்டுப்போகவில்லை. அதை ஓட்டும் எந்திரங்கள்தான் அருகிப்போயின. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள், பழைய எந்திரத்தைப் போலவே புதுக் கணினியை நடிக்கவைக்கும் மென்பொருள் எழுதி மீட்டுக்காட்டினார்கள். 2011இல் ஊர்க்காரர்கள் எழுதிய பகுதியை பிபிசி இணையத்தில் போட்டது. 2018இல் அந்தத் தளத்தையும் மூடியது. இப்போது அது பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையச் சேகரத்தில் நகலாக இருக்கிறது. வில்லியத்தின் தோல் புத்தகம் இருப்பதும் அதே ஆவணக்காப்பகத்தில்தான்.

ஆவணக்காப்பகத்துக்கான ஐரோப்பியச் சொல்லின் வேரைத் தோண்டிய தெரிதா, 1994இல் லண்டனில் ஆற்றிய உரையில், அது ஆட்சியாளர்களின் வீட்டைக் குறித்த கிரேக்கச் சொல் என்று காட்டினார். ஆவணம் இருப்பது அந்த வீட்டில். அதற்குப் பொருள் சொல்லும் உரிமையும் அந்த வீட்டுக்காரனுக்கே. தகடுகளின் காலத்தில் வீட்டுக்காரன் யார்? வாசிக்கும் எந்திரத்தைச் செய்கிறவன்.

ஹோலோகிராம் கதை இதைவிடச் சுவாரசியம். 1947இல் டென்னிஸ் காபோர் கண்டுபிடித்தது எலெக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்துவதற்காக. 1960இல் லேசர் வந்த பிறகு, 1963இல் வான் ஹீர்டன் இதில் தகவலைச் சேமிக்கலாம் என்றார். சாதாரணத் தகட்டில் எழுத்து மேற்பரப்பில் பள்ளமாக இருக்கிறது. இங்கே இரண்டு லேசர் கற்றைகள் குறுக்கிடும் கோலம் பொருளின் கனம் முழுக்கப் பதிகிறது. கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் அதே இடத்தில் இன்னொரு பக்கம்; இன்னும் மாற்றினால் வேறொன்று. ஒரு வெளிச்சத்தில் முழுப் பக்கமும் ஒரேயடியாகத் திரும்பி வரும். சும்மா சொல்லக்கூடாது, அழகான யோசனை.

பெல் ஆய்வகத்திலிருந்து பிரிந்து 2000இல் தொடங்கிய இன்ஃபேஸ் நிறுவனம் 300 ஜிகாபைட் தகடு தருவதாக, 50 ஆண்டு தாங்கும் என்று சொன்னது. எந்திரத்துக்குச் சொன்ன விலை 18,000 டாலர். பதியும்போது பாலிமர் சுருங்கும். சுருங்கினால் கோணம் பிசகும். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே, 2007இல், ஹிட்டாச்சி 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. 2011இல் இன்ஃபேஸ் திவால். 50 ஆண்டு தாங்கும் தகட்டைச் செய்ய வந்த கம்பெனிக்கு ஆயுள் 11 ஆண்டு.

ஆயுள் பொருளுக்கு இருக்கும் குணம். வாசிப்போ மனிதர்களுக்கு இடையிலான உறவு. சேமிப்புத் தொழில்நுட்பத்தின் சொல்லாடல் முதலாவதைப் பற்றியே பேசி இரண்டாவதை மறைக்கிறது. சோனி 2025 பிப்ரவரியில் பதிவுசெய்யும் புளூ-ரே தகட்டின் உற்பத்தியை நிறுத்தியது. வீட்டில் இருக்கும் தகடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்திரம் பழுதானால்?

இப்போது பேச்செல்லாம் கண்ணாடி. 2019இல் மைக்ரோசாஃப்ட், 1978இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தை 75 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடி வில்லையில் லேசரால் எழுதியது. அதே ரகக் கண்ணாடியைக் கொதிக்கவைத்தார்கள், சுட்டார்கள், எஃகு நாரால் தேய்த்தார்கள், அசையவில்லை. முதலில் நிலைக்கவைக்கப்பட்டது ஒரு ஹாலிவுட் கம்பெனியின் சொத்து என்பதையும் குறித்துக்கொள்வோம்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தேர்ந்தது வேறு பிரதி. உலக மனித உரிமைப் பிரகடனத்தைக் குவார்ட்ஸ் வில்லையில் எழுதி, 2016இல் மெக்சிகோவில் யுனெஸ்கோவிடம் கொடுத்தார்கள். பல நூறு கோடி ஆண்டு தாங்கும் என்றார்கள். வாசிக்க நுண்ணோக்கி வேண்டும், ஒளிமுனைவாக்கி வேண்டும், எந்தப் புள்ளி எந்த எழுத்து என்று சொல்லும் மென்பொருளும் வேண்டும். வில்லையைத்தான் கொடுத்தார்கள்.