சர்வர் சுந்தரம்: சிரிப்பு தயாராகும் இடம்

சர்வர் சுந்தரம் 1964 டிசம்பரில் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர். கே. பாலசந்தர் தம் ராகினி ரிக்ரியேஷன்ஸ் குழுவுக்காக எழுதிய மேடை நாடகமே இதன் மூலம். ஓட்டலில் பரிமாறும் இளைஞன் ஒருவன் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகனாவதே கதை.

சுந்தரமாக நடித்த நாகேஷ் (1933–2009) தாராபுரத்துக்காரர். இயற்பெயர் குண்டுராவ். தாராபுரம் அன்று கோவை மாவட்டம், பிறகு ஈரோடு, இன்று திருப்பூர். நாகேஷ் காலமானது 2009 ஜனவரி 31 அன்று; திருப்பூர் மாவட்டம் உதயமானது அடுத்த மாதம். பனியன் தொழிலுக்குப் பெயர்பெற்ற மாவட்டம், இவரையும் தன் மண்ணின் மைந்தராகச் சொல்லிக்கொள்ளலாம்.

நகைச்சுவை எப்படி உருவாகிறது என்பதை ரசிகர்களுக்குத் திறந்து காட்டிய தமிழ்ப் படங்களில் இது முக்கியமானது. வாலி எழுதிய பாடல் ஒன்றில் ஒலிப்பதிவுக் கூடமே திரைக்கு வருகிறது. டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கி முன் பாடுகிறார், எம்.எஸ். விசுவநாதன் கையசைத்து வாத்தியக் குழுவை நடத்துகிறார். பின்னணிக் குரல் என்பதைச் சினிமா மறைத்து வைத்திருந்த காலத்தில் இது துணிச்சல்தான். இப்போது இணையத்தில் மறுபடி பார்ப்பவர்கள், பாடகரை விட்டுவிட்டு வாத்தியக்காரர்களைக் கவனித்துப் பாருங்கள். அது வேலை நடக்கும் இடம் என்பது புரியும்.

அதே 1964இல், சில மாதங்களுக்கு முன், ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை வெளிவந்தது. அதில் நாகேஷ் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா. கையில் பணம் இல்லை. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்ற பெயர் மட்டும் உண்டு. தந்தையிடம் அவர் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தமிழ்நாடு இன்றும் மறக்கவில்லை. அங்கே பாதி வேலையைச் செய்வது கேட்டுக்கொண்டிருக்கும் டி.எஸ். பாலையாவின் முகம். சொல்பவர் ஒருவர், பயப்படுபவர் ஒருவர், சிரிப்பு நமக்கு.

சர்வர் சுந்தரம் இதன் மறுபக்கம். அந்தச் சிரிப்புக்கு யார் என்ன விலை கொடுக்கிறார் என்று கேட்கிறது. நேசித்த பெண் வேறொருவரை விரும்புகிறாள். தாய் உயிருக்குப் போராடும் நேரத்தில் மகன் படப்பிடிப்பில் இருக்கிறான். சோகம் சற்று அதிகமாகவே பிழியப்பட்டுள்ளது என்பது என் கருத்து. ஆனால் ஷிப்டு முடியாமல் வெளியே வர முடியாத தொழிலாளியின் நிலை, எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது.

இப்படம் 1971இல் மெஹ்மூத் நடிக்க 'மே சுந்தர் ஹூன்' என்று இந்தியிலும் வந்தது. தமிழில் முடிவு எளிமையானது: சுந்தரம் நட்சத்திர வாழ்வை உதறிவிட்டு மறுபடி பரிமாறப் போகிறான். இதை எழுதியபோது பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதச் சம்பளக்காரர். ரயில்வே குமாஸ்தாவாக இருந்து நடிக்க வந்தவர் நாகேஷ். இருவருமே பிறகு பழைய வேலைக்குத் திரும்பவில்லை.