நூறு வாட் படுத்தும் பாடு

வீட்டுக்குள்ளேயே மிதிக்கும் ஸ்மார்ட் சைக்கிள் வைத்திருக்கிற மக்கள் புலம்பும் புலம்பல் ஒன்று உண்டு. "150 வாட்னு செட் பண்ணினா 120 காட்டுது, திடீர்னு 190க்கு எகிறுது, அப்புறம் பெடல் கல்லு மாதிரி இறுகிடுது." என் வீட்டு வண்டியும் இதே கூத்தைத்தான் அடித்தது. காரணம் தேடப் போனால் சிக்கியது நூறு வருஷத்துக்கும் மேலான கதை. கொசுவர்த்தியைச் சுத்திக்கோங்க :-)

1855. பிரான்ஸின் ஃபூக்கோ (ஊசலைத் தொங்கவிட்டு பூமி சுத்துறதைக் காட்டினாரே, அவரேதான்) ஒரு செப்புத் தகட்டைக் காந்த முனைகளுக்கு நடுவே சுழற்றினார். தொடாமலே காந்தம் தகட்டைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. தகடு சூடும் ஆனது. சுழல் மின்னோட்டம்னு பள்ளிக்கூடத்தில் படிச்சோமே, அதுதான்.

1913இல் கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோக் இதையே சைக்கிளில் மாட்டினார். செப்புத் தகடு, மின்காந்தம், பிரேக்கின் விசையை எடைக்கல் வைத்து நிறுக்கும் ஏற்பாடு. ஆள் மிதிக்க மிதிக்க அவர் மூச்சையும் அளந்தார்கள். எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? 1920இல் குரோக்கும் லிண்ட்ஹார்டும் வெளியிட்ட முடிவைப் பாருங்க: உடம்பு கொழுப்பை எரித்து வேலை செய்யும்போது, மாவுச்சத்தோடு ஒப்பிட்டால், அதன் ஆற்றலில் சுமார் 11% வீணாகிறது. பிரேக் ஒரு 10% நழுவியிருந்தால் இந்த வித்தியாசமே கண்ணில் பட்டிருக்காது!

ஆனா விசையை மட்டும் அளந்தால் போதாது. திறன் என்பது விசையும் வேகமும் பெருக்கினது. 1954இல் ஸ்வீடனின் ஃபான் டோபெல்ன் எளிமையான சைக்கிள் ஒன்றைச் செய்தார். சக்கரத்தைச் சுற்றி ஒரு பெல்ட், அவ்வளவுதான். இந்த வகை வண்டியில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கர விளிம்பு 6 மீட்டர் நகரும். 2 கிலோ இழுவையில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் 98 வாட். 60 சுற்றுக்குப் போனால் 118. அதனால்தான் பக்கத்தில் மெட்ரோனோமைத் தட்டவிட்டு, அந்தத் தாளத்துக்கு மிதிக்கச் சொன்னார்கள். கன்ட்ரோலர் வேலையைப் பார்த்தது மனுஷக் கால்!

அந்தப் பொறுப்பை காலிடமிருந்து பிடுங்கி இயந்திரத்திடம் கொடுத்தவர்களில் ஹாலந்தின் லானோயும் பொன்யரும் உண்டு. 1956இல் அவர்கள் எழுதியது, மெதுவாக மிதித்தால் இறுகி, வேகமாக மிதித்தால் தளரும் சைக்கிளைப் பற்றி. இன்றைய எர்க் மோடுக்குத் தாத்தா இதுதான்.

வில்லங்கமும் அங்கேதான். களைத்துப்போய் 80 சுற்றிலிருந்து 40க்கு இறங்கினால், அதே வாட்டைத் தர பிரேக் இரண்டு மடங்கு இறுகும். இறுக இறுக நீங்கள் இன்னும் மெதுவாவீர்கள். முடிவில் பெடல் நிற்கும். போதாததற்கு ஃபூக்கோ பார்த்த சூடு வேறு. செப்பு 50 டிகிரி சூடேறினால் மின்தடை சுமார் 20% கூடும். பிரேக்கின் பிடி தளரும்.

ஆக, வைத்தியமும் வரலாற்றிலேயே இருக்கு:

- தாளம் தப்பாமல் மிதியுங்கள். பெடல் இறுகிவிட்டால் மல்லுக்கட்டாமல் எர்க் மோடை அணைத்து, கால் வேகம் பிடித்ததும் போடுங்கள்.
- அளவு சரிபார்க்கும் வசதி இருந்தால், பத்து நிமிஷம் மிதித்துச் சூடேறிய பிறகு செய்யுங்கள்.
- போன், லேப்டாப் இரண்டும் ஒரே நேரத்தில் பிரேக்குக்கு உத்தரவு போடக்கூடாது. ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர் போதும்.

முதல் இரண்டிலேயே என் வண்டி பெருமளவு அடங்கியது. வாட்டை வைத்து நண்பர்களோடு பந்தயம் கட்டுகிறவர்களுக்கு இது சும்மா விளையாட்டு. இதய சிகிச்சை முடிந்து "இத்தனை வாட்டுக்கு மேல போகாதீங்க" என்று டாக்டர் சொல்லி மிதிப்பவருக்கு அப்படி இல்லை. அவர்கள் திரையை மட்டும் நம்பாமல் நாடித்துடிப்பையும், மூச்சு வாங்குவதையும் கவனிக்கட்டும். குரோக்கே மூச்சையும் சேர்த்துத்தானே அளந்தார்?