சர்க்கரையின் சரித்திரம்

ஆங்கிலத்தார் 'சுகர்' என வழங்கும் சொல் இந்திய நாட்டினின்றும் புறப்பட்டதே. வடமொழியில் 'சர்க்கரா' என்பதற்குச் சரளைக்கல் என்பதும் பொருள். பாரசீகர், அராபியர் நாவழியே ஐரோப்பா புகுந்து அது சுகராயிற்று. போர்த்துக்கீசியரோ மலையாளக் கரையில் அதன் இனச்சொல்லைக் கேட்டு வெல்லத்திற்கு வைத்த பெயரே ஆங்கிலத்தில் 'ஜாகரி' ஆனது. துரை மேசைச் சீனியும் ஏழை வெல்லமும் உடன்பிறப்புகளன்றோ!

காதலியைக் கொஞ்சவும் அச்சொல்லே. இனிக்கும் நஞ்சாகிய ஈய உப்பொன்றிற்கும் 'ஈயச் சர்க்கரை' என்றே பெயரிட்டனர்.

நம் பேராக்கில் அதற்கு வேறு பொருளும் உண்டாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் வட்டாரமெங்கும் கரும்புத் தோட்டங்கள். கோலா குலா என்னும் ஊர்ப்பெயரை மலாயில் படித்தால் 'சீனிக் கழிமுகம்' என்றாகும். கப்பற் செலவைக் கடனாகச் சுமந்து வந்த நம்மவர் ஒப்பந்தத்திற் கட்டுண்டு அங்கே கரும்பு வெட்டினர். கடன் தீருமுன் தோட்டத்தை விட்டகல்வது சட்டப்படி குற்றம்! அவர்களுக்குச் சீனியென்றால் தளையென்று பொருள். 1910-இல் அவ்வொப்பந்த முறை ஒழிந்தது; கரும்பிருந்த நிலங்களிற் பலவற்றில் ரப்பர் நின்றது.

அன்னார் வழிவந்தோர் நீரிழிவை 'இனிப்பு நீர்' என்பர். தோட்டத்துக் கிராணியாகிய யான் விடுப்புச் சீட்டுகளைப் பதிகையில் மிகுதியும் எழுதும் நோய்ப்பெயர் அதுவே.