பல் போன குழியும் கல்லான மரமும்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குச் சென்றிருந்தால், அங்குள்ள கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் இவற்றைக் கண்டு எழுதினார். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் சாய்ந்த மரங்களை மணல் மூடிக்கொண்டது. காற்றுப் புகாததால் அவை மட்கவில்லை. நீரில் கரைந்து வந்த சிலிக்கா உள்ளே ஊறி, மரத்தைச் சிறிது சிறிதாகக் கல்லாக்கியது. மணல் போர்வை விலகியிருந்தால் கல்மரம் ஏது?

இதைப் போன்ற ஒரு போர்வை உங்கள் வாயிலும் தேவைப்படும் நாள் உண்டு. அது பல் பிடுங்கிய நாள்!

பல் பிடுங்குவதென்றாலே மக்கள் நடுங்கிய காலம் ஒன்றிருந்தது. 1844 டிசம்பர் 11-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்துகொண்டார். வலி தெரியவில்லை. 1867-இல் லிஸ்டர், கிருமிகளைத் தடுத்துப் புண்ணை ஆற்றும் முறையை வெளியிட்டார். ஆயினும் சிலருக்குப் பல் எடுத்த மூன்றாம் நாள் தாங்கவொண்ணா வலி எழுந்தது. 1896-இல் கிராஃபோர்டு என்ற பல் மருத்துவர் இந்நிலைக்கு 'உலர்குழி' என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

நம் நாட்டில் 1920-இல் டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தோன்றியது. பல்லை எடுக்கப் பயின்ற கைகள் பெருகின. எடுத்த பின் காக்க வேண்டியவரோ நீங்கள்தாம்.

உலர்குழி என்பது என்ன? பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. இதுவே போர்வை. இதனடியில் புதுத் திசு வளர்ந்து, சில மாதங்களில் எலும்பு நிரம்புகிறது. கட்டி கரைந்தாலோ பெயர்ந்தாலோ எலும்பு திறந்து கிடக்கும், வலி கொல்லும்.

ஆகவே, மருத்துவர் வைத்த பஞ்சை அரை மணிக்கு மேல் அழுத்திக் கடித்திருங்கள். அழுத்தம் இரத்தக் குழாயை நெருக்கிக் கசிவை நிறுத்தும். முதல் நாள் கொப்பளிக்கவோ, வேகமாகத் துப்பவோ வேண்டாம். உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்காதீர்கள். உறிஞ்சும்போது வாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இழுவிசை கட்டியைப் பெயர்க்கக்கூடும். முதல் நாள் கன்னத்தின் வெளிப்புறம் துணியில் சுற்றிய பனிக்கட்டியை விட்டு விட்டு வைத்தால் வீக்கம் குறையும். மறுநாள் முதல், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, வாயில் மெல்ல அலசி வழியவிடுங்கள்.

பீடி, சுருட்டு, புகையிலை கூடவே கூடாது. புகைப்பவருக்கு உலர்குழி வரும் வாய்ப்பு அதிகம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும், தாமாக நிறுத்தலாகாது. இரண்டு மூன்று நாள் கழித்து வலி கூடினாலோ, காய்ச்சல் கண்டாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ கிராம்பு வைத்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

குறடுக்கு அஞ்சுகிறோம், அதன் பிறகு வரும் இரண்டு நாட்களை அலட்சியம் செய்கிறோம். திருவக்கரை மரங்களுக்குக் கோடி ஆண்டுப் போர்வை வேண்டியிருந்தது. உங்கள் பற்குழி கேட்பதோ சில நாள் பொறுமைதான்!