கிறிஸ்துமஸ் ஃபத்வா (இந்தோனேசியா, 1981)

இந்தோனேசிய உலமா மன்றம் 1981 மார்ச் 7 அன்று அளித்த மார்க்கத் தீர்ப்பு. அங்கு பரவிவந்த கூட்டுக் கிறிஸ்துமஸ் விழாக்களில் முஸ்லிம்கள் பங்கேற்பது ஹராம் என்றது. ஈசா நபியை (இயேசுவை) மதிப்பது ஈமானில் (இறைநம்பிக்கையில்) சேர்ந்தது, அவரை இறைமகனாகப் போற்றும் வழிபாட்டில் கலப்பது வேறு என்பதே அதன் அடிப்படை. உலக விவகாரங்களில் பிற சமயத்தாரோடு பழகுவதை அது தடுக்கவில்லை. தீர்ப்பைத் திரும்பப் பெறச் சொன்ன அரசின் நெருக்கடியில் மன்றத் தலைவரான எழுத்தாளர் ஹம்கா பதவி விலகினார், நேர்மையான முடிவு. கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்வது பற்றித் தீர்ப்பில் பேச்சே இல்லை, ஆனாலும் அதையும் இதன்மேல் ஏற்றிச் சொல்வோர் உண்டு. சாண்டா தொப்பி போன்ற பிற சமய அடையாளங்களை முஸ்லிம் ஊழியர்களுக்கு அணிவிப்பதை 2016-இல் மன்றம் ஹராமாக்கியது. நஹ்தத்துல் உலமா என்ற முஸ்லிம் அமைப்பின் பான்செர் தொண்டர்களோ கிறிஸ்துமஸ் இரவில் தேவாலய வாசலில் காவல் நிற்கிறார்கள்.