வானத்துப் புறம்போக்கு

பட்டா நிலத்துக்கும் புறம்போக்குக்கும் உள்ள வித்தியாசம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டா இருந்தால் வேலி போடலாம், விற்கலாம், பத்திரத்தைக் கொண்டுவந்து என் மாதிரி ஆளிடம் கடன் கேட்கலாம். புறம்போக்கில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆனால் யாரும் வேலி போட முடியாது. ரேடியோ அலைகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. மொபைல் கம்பெனிகள் ஏலத்தில் எடுப்பது பட்டா. நம் வீட்டு வைஃபை ஓடுவது புறம்போக்கு. 'எங்களுக்கு இடம் போதவில்லை, புறம்போக்கிலும் கொஞ்சம் உழுதுகொள்கிறோம்' என்று பட்டாதாரர்களே ஒரு நாள் வந்து நின்றார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. நான் படித்தது பி.காம். சர்க்யூட் படமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள் :-)

புறம்போக்கு எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் உலக நாடுகள் கூடி அலைவரிசைகளைப் பங்கு பிரித்தபோது, சில துண்டுகளைத் தொழிற்சாலை, ஆராய்ச்சி, மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கி வைத்தன. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. அடுப்பு இரைச்சல் போடும் இடத்தில் யார் உட்கார்ந்து பேசப் போகிறார்கள்? அதனால் பல வருஷம் அது 'குப்பை அலைவரிசை' என்றே கிடந்தது.

அதில் ஒரு வழி இருக்கிறது என்று கண்டவர் மைக்கேல் மார்கஸ். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தில் (எஃப்.சி.சி.) இன்ஜினியர். செய்தியை ஒரே புள்ளியில் அனுப்பாமல் அகலமாகப் பரப்பி அனுப்பும் ராணுவ உத்தி அப்போது ஏற்கெனவே உண்டு. அப்படி அனுப்பினால் இரைச்சலுக்கு நடுவிலும் செய்தி தப்பிவிடும். இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்றார் அவர். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கடைசியில் 1985 மே 9ஆம் தேதி ஆணையம் அனுமதித்தது. லைசென்ஸ் வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஆனால் சக்தி ஒரு வாட்டுக்குள் இருக்க வேண்டும், மற்றவர் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக் கேட்டு யாரும் வரக்கூடாது.

இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் என்.சி.ஆர். கம்பெனியும் ஒன்று. வங்கிக்காரர்களுக்கு இந்தப் பெயர் ஏ.டி.எம். மெஷின்களில் பார்த்துப் பழக்கமானது. கடைகளில் கல்லா மெஷின்களை ஒயர் இல்லாமல் இணைக்க வழி தேடிய அவர்களுடைய ஆள் விக் ஹேய்ஸ்தான் பிறகு பொதுத் தரம் வகுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தத் தரம் 1997இல் வந்தது, இரண்டு வருஷத்தில் வைஃபை என்ற பெயரும் வந்தது. அதே 1997இல் எஃப்.சி.சி. 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் 300 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு முழு விடுதலை 2005 ஜனவரியில்தான் வந்தது. 1933ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி எந்த ரேடியோ சாமானை வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும் என்றிருந்த தேசம் இது. ரேடியோப் பெட்டிக்குத் தபால் ஆபீசில் பணம் கட்டிய புத்தகத்தை நம் அப்பாக்கள் பத்திரமாக வைத்திருந்தார்களே, அதே சட்டம்தான்.

இப்போது பட்டாதாரர் பக்கம் வருவோம். 2010இல் நம் நாட்டின் 3ஜி ஏலம் 34 நாள் நடந்தது. அரசுக்கு வந்தது 67,719 கோடி ரூபாய். ஏலம் எடுத்தவருக்கு ஒரு வட்டத்தில் கிடைத்ததோ, போக 5 மெகாஹெர்ட்ஸ், வர 5 மெகாஹெர்ட்ஸ். பக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 83.5 மெகாஹெர்ட்ஸ் சும்மா திறந்து கிடக்கிறது, 5 கிகாஹெர்ட்ஸில் அதைவிடப் பல மடங்கு! எந்த முதலாளிக்குத்தான் கண் போகாது? பட்டா வாங்கியவரெல்லாம் நிம்மதியாக இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2012 பிப்ரவரி 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸ்களை ரத்து செய்தபோது, அந்தக் காகிதத்தை நம்பிக் கடன் கொடுத்திருந்தவர்களுக்குத் தூக்கம் போனது. அதனால் ஸ்பெக்ட்ரம் விலை என்றால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு கிலி உண்டு.

2013 வாக்கில் குவால்காம் ஒரு யோசனையோடு வந்தது. 4ஜியையே, அதாவது எல்.டி.இ.யையே, 5 கிகாஹெர்ட்ஸ் புறம்போக்கில் ஓட்டினால் என்ன? போனின் கட்டுப்பாடு, கணக்கு வழக்கு எல்லாம் கம்பெனியின் சொந்த அலைவரிசையில் இருக்கும். வீடியோ மாதிரி கனமான சரக்கை மட்டும் இலவச இடத்தின் வழியாக இறக்கலாம். நமக்கு ஒன்றும் தெரியாது, வேகம் மட்டும் கூடும். எல்.டி.இ.-யூ என்று பெயர் வைத்தார்கள். 2014இல் வெரைசன், எரிக்சன், அல்காடெல்-லூசென்ட், சாம்சங் எல்லோரும் குவால்காமோடு சேர்ந்து இதற்கென்று ஒரு மன்றமே அமைத்தார்கள்.

சண்டை எங்கே வந்தது என்றால், பழக்கவழக்கத்தில். வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி முயலும். ஒரே அப்பார்ட்மென்டில் நாற்பது வீட்டு மோடம் ஓடுகிறது என்றால் இந்தப் பொறுமையால்தான். எல்.டி.இ. அந்த வளர்ப்பு இல்லை. பட்டா நிலத்தில் பிறந்தது. அங்கே வேறு ஆள் வரமாட்டார், கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. டவர் நேரம் குறிக்கும், போன்கள் அதன்படி பேசும். இப்படிப்பட்டவரைப் புறம்போக்கில் விட்டால், அவர் பேசிக்கொண்டே இருப்பார், பக்கத்தில் வைஃபை 'இதோ முடித்துவிடுவார்' என்று காத்துக்கொண்டே இருக்கும். பந்தியில் 'நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க' என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு என்ன ஆகும் என்று தெரியுமே!

எல்.டி.இ.-யூ காரர்கள் சொன்ன சமாதானம், நாங்கள் கொஞ்ச நேரம் பேசுவோம், கொஞ்ச நேரம் சும்மா இருப்போம் என்பது. எவ்வளவு நேரம் என்பதை அவர்களே அளந்து முடிவு செய்வார்கள். என்னைக் கேட்டால் இதுதான் சிக்கல். தன் கணக்கைத் தானே ஆடிட் செய்வதை எந்தக் கிளையில் ஒத்துக்கொள்வார்கள்? 2015இல் கூகுளும் கேபிள் கம்பெனிகளும் எஃப்.சி.சி.யிடம் எதிர்ப்பைப் பதிவு செய்தன. (அவர்களும் தர்மத்துக்காக வந்தவர்கள் இல்லை, அவர்கள் தொழிலும் வைஃபையை நம்பித்தான்.) ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 'கேட்டுவிட்டுப் பேசு' என்பது சட்டம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லாததால்தான் இவ்வளவு இழுபறி. பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, 2016 செப்டம்பரில் வைஃபை கூட்டமைப்பு ஒரு பரிசோதனை முறையை வெளியிட்டது. 2017 பிப்ரவரி 22இல் எரிக்சன், நோக்கியா கருவிகளுக்கு எஃப்.சி.சி. அனுமதி கொடுத்தது. ஜூனில் டி-மொபைல் சில ஊர்களில் ஓட்டவும் ஆரம்பித்தது.

ஆனால் அதற்குள் உலகத் தரக் குழுவான 3ஜிபிபி 2016இலேயே எல்.ஏ.ஏ. என்ற முறையை முடித்திருந்தது. இதில் 4ஜி டவரும் வைஃபை மாதிரியே காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். நிலைத்தது இந்த வழிதான். 2020இல் 5ஜிக்கு வந்த முறையும் இதே ஏற்பாட்டில்தான். இவ்வளவு பணம் இருந்தும் புறம்போக்குக்குள் வர அவர்கள்தான் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இது.

சண்டையே இல்லாமல் இதே காரியம் வேறு வழியிலும் நடந்தது. வைஃபை காலிங்! ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. டவர் சிக்னல் எட்டாத அறையிலிருந்து சாதாரண நம்பருக்கே பேசலாம். ஊரில் அம்மா கையில் பட்டன் போன்தான் என்றாலும் பரவாயில்லை. கம்பெனிக்கு நம் வீட்டுக்குள் டவர் வைக்கும் செலவு மிச்சம், பிராட்பேண்ட் பில் மட்டும் நம் தலையில். அதைப் பற்றி யாரும் ஏலம் விடுவதில்லை :-)

அடுத்த புறம்போக்கு 6 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1200 மெகாஹெர்ட்ஸை ஒரே அடியாகத் திறந்துவிட்டது. இங்கே 2022 ஏலத்தில் 1,50,173 கோடிக்கு ஏலம் எடுத்த கம்பெனிகள், 6 கிகாஹெர்ட்ஸையும் மொபைலுக்கே கொடுங்கள் என்று கேட்டன. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். காசு கட்டியவனுக்குப் பக்கத்திலேயே இலவசமாகக் கொடுத்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் 1995இல் சுப்ரீம் கோர்ட், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என்று சொல்லியிருக்கிறது. பொதுச்சொத்து முழுவதையும் பட்டா போட்டுவிட்டால் ஏலம் எடுக்க வசதியில்லாதவருக்கு என்ன மிச்சம்? 2025 மே மாதம் அரசு வெளியிட்ட வரைவு விதிகளில் கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸ், அதாவது 5925இலிருந்து 6425 வரை, லைசென்ஸ் இல்லாமல் என்று வந்தது. குறைந்த சக்தியில், பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டும். காரிலும் ரயிலிலும் கூடாது. விமானத்தில் 10,000 அடிக்கு மேலே போனால் சரியாம்!