திருநந்தவனமும் பழங்கல்லும்

திருக்கோயிலைச் சார்ந்த நந்தவனம் கண்ணுக்கு இனிய பொழில் மாத்திரமன்று. சரியைத் தொண்டு நிகழும் இடமுமாகும். 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் எட்டாஞ் சூத்திரத்தில் தாதமார்க்கத்தை விரிக்குங்கால், திருவலகிடுதல், திருமெழுக்கிடுதல், மலர்கொய்தல் முதலியவற்றோடு திருநந்தவனம் அமைத்தலையும் ஒருங்கு வைத்து ஓதினார். ஆதலின் செடிக்கு நீர் வார்த்தலும் சிவத்தொண்டே என்பது பெறப்படும்.

இத்தொண்டின் வரலாறு தொன்மையுடையது. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரையும் வேறுவேறாகக் கொய்து மாலை தொடுத்தமையைச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் விரித்துரைத்தார். நந்தவனம் வகுப்பார்க்கு இந்நால்வகையே போதிய இலக்கணமாம். மேட்டிலே கொன்றையும் புன்னையும், பந்தரிலே முல்லையும், ஓடையிலே தாமரையும் செங்கழுநீரும், வெளியிலே தும்பையும் அமையின் யாதொன்றும் குறைவின்று. இவை நம் மண்ணுக்கு உரியன. அவற்றுள்ளும் எருக்கும் தும்பையும் நடுவாரின்றியே முளைப்பன. வறிய அடியாரும் எளிதிற் கொண்டு சாத்துதற்கு உரியன.

சோழர் கல்வெட்டுக்களில் நந்தவனத்தின் பொருட்டு விடப்பட்ட நிலம் 'திருநந்தவனப்புறம்' எனப்படும். அறஞ்செய்தார் பெயரையும் நிலத்தின் எல்லையையும் இன்று நமக்கு உணர்த்துவன அக்கற்களே. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. நந்தவனத்தைப் புதுக்குவார் சிலர், இடிந்து கிடக்கும் பழங்கற்களைக் கிணற்றுப் படியாகவும் நடைவழியாகவும் இடுகின்றனர். கிடப்பதைப் பயன்கொள்ளுதல் தக்கதே. ஆயின் எழுத்துள்ள கல்லும் அவற்றோடு காலின்கீழ்ப் படுதல் தகாது.

இதற்கு முன்மாதிரி திருக்கோடிகாவலில் உளது. 10-ஆம் நூற்றாண்டிலே கண்டராதித்த சோழர் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் அக்கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழங்கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரிற் படியெடுத்துப் பொறிப்பித்தார். அவை பழங்கல்லின் படிகள் என்பதும் ஆங்கே குறிக்கப்பட்டது. கல் மாறினும் அறம் மாறாது நிற்க வேண்டுமென்பதே அவ்வம்மையார் கருத்தாதல் வேண்டும்.

ஆதலின் நந்தவனம் புதுக்கும் அன்பர்கள் ஒவ்வொரு கல்லையும் கழுவி எல்லாப் புறமும் நோக்குக. எழுத்துக் காணின் அதனைத் தனியே வைத்துத் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்து மைப்படி எடுப்பிக்க; எழுத்தில்லாதவற்றை வரப்புக்கும் வழிக்கும் கொள்க. அன்றேல், நந்தவனத்துக்கு நிலம் ஈந்தான் ஒருவன் பெயரை அந்நந்தவனத்திலேயே நாம் மிதித்துத் தேய்த்தவராவோம்.